சயாம் போத்தல்

எங்கள் தோட்டத்தில் மாமாவுக்கு இருந்த மரியாதை கணக்கெழுதும் கிராணிக்குக்கூடக் கிடையாது. கிராணியைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். மாமாவைக் கண்டால் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். பேரன் பேத்தி எடுத்த பெண்கள்கூட "எங்க, மடக்கு பாப்போம்" என்று அவர் புஜத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பால்மரத்துக்குப் போவார்கள். மாமாவும் சளைக்காமல் மடக்கிக் காட்டுவார். அம்மாவும் அவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், ஆனால் வெட்கம் முழுவதையும் அம்மாவே எடுத்துக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது.

லூனாசிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். பகலில் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தூக்குவார், மாலையில் வீட்டுக்குப் பின்னால் பளு தூக்குவார். பளு என்றால் கடையில் வாங்கியது இல்லை. இரண்டு பெரிய பால்மாவு டின்களில் சிமெண்ட்டைக் கரைத்து ஊற்றி, இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் செருகிக் காயவைத்தது. ஒரு டின்னில் சிமெண்ட் கொஞ்சம் கூடிப்போனதால் மாமா எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே தூக்கிப் பழகிவிட்டார். அலோர் ஸ்டாரில் நடந்த மாநிலப் போட்டியில், இரண்டு பக்கமும் சரியாக இருந்த நல்ல பளுவையும் அதேபோலச் சாய்ந்து தூக்கி, இரண்டாவதாக வந்தார்.

இரண்டாம் பரிசுக் கோப்பையை அவர் வீட்டுக்குள்ளேயே கொண்டுவரவில்லை. கோழிக்கூண்டின் மேல் வைத்துவிட்டார். அந்தப் போட்டியில் யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள்: ஜெயிக்கிறவன் எல்லாம் சோறு தின்றா ஜெயிக்கிறான், சயாமில் மாத்திரை விற்கிறது, போய் வாங்கித் தின்று பார். சம்பளம் வாங்கிய மறுநாளே மாமா பஸ் ஏறி ஜித்ரா போய், அங்கிருந்து எல்லை தாண்டி, பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய போத்தலோடு திரும்பி வந்தார். அதன்மேல் இருந்த எழுத்து தோட்டத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. உள்ளே சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். "இத மாடு தின்னா லாரி ஆயிரும்லா" என்றார் மாமா.

மாமா லாரி ஆகத்தான் செய்தார். ஒரு மாதத்தில் சட்டைக் கை கிழிந்தது. முகமெல்லாம் பருக்கள் வந்தன. அதோடு கோபமும் வந்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தைச் சுற்றி ஓடிய மனிதர், ரசம் சுடுகிறது என்று தட்டை விட்டெறிந்தார். கதவு திறக்கவில்லை என்று உதைத்தார், பலகை இரண்டாகப் பிளந்தது. அப்பா "வேற வீடு பாத்துக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா அப்போது என் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள். வாராவாரம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போவாள். அங்கே மருந்து கொடுக்கும் டிரசரிடம் மாமாவின் மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். ஈரலும் நெஞ்சும் கெட்டுப்போகும், உடனே நிறுத்தச் சொல் என்றாராம். அம்மா வந்து சொன்னாள். மாமா கத்திய கத்தலில் பக்கத்து லயத்து நாய்கள் குரைத்தன.

சில நாள் கழித்து ஒரு மதியம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா சமையல்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் மாமாவின் போத்தல். கையை உள்ளே விட்டுக் கொஞ்சம் மாத்திரையை எடுத்து அடுப்பில் போட்டாள். முந்தானையில் முடிந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த வெள்ளை மாத்திரைகளைப் போத்தலுக்குள் கொட்டிக் குலுக்கினாள். தலையைத் தூக்கினால் நான் நிற்கிறேன்.

"மாமாவுக்குச் சத்துடி. யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்பது வயதில் அம்மாவோடு ஒரு ரகசியம் வைத்துக்கொள்வது லேசான விஷயமா? பிறகும் இரண்டு மூன்று முறை பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக மாமாவின் கோபம் அடங்கியது. உடைத்த கதவை அவரே ஆணி அடித்துச் சரிசெய்தார். இரண்டு மாதம் கழித்துச் சுங்கை பட்டாணியில் நடந்த போட்டியில் முதலாவதாக வந்தார். தோட்டத்து லாரியில் நிற்கவைத்து, மேளம் அடித்துக்கொண்டு கூட்டி வந்தார்கள். அப்பாவே மாலை வாங்கிப் போட்டார். கோப்பை இந்த முறை சாமி படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தது.

தோற்றவனின் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. இவன் சயாமிலிருந்து கொண்டுவந்து எதையோ தின்கிறான் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போலீஸ் வண்டி லயத்துக்குள் வந்தது. வீட்டைப் புரட்டிப் போட்டு, போத்தலை எடுத்து, அதை ஒரு பையில் போட்டுக் கட்டி, மாமாவை வண்டியில் ஏற்றினார்கள். அவ்வளவு பெரிய உடம்பு அந்த வண்டிக்குள் எப்படித்தான் அவ்வளவு சின்னதாகப் போனதோ தெரியவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். பெரிய தூக்குக் கயிறு, அதன் கீழே போதைப் பொருள் வேண்டாம் என்று மலாயில் எழுத்து. வைத்திருந்தாலே தூக்கு என்று வாத்தியார் எங்களை வரிசையாக நிறுத்திச் சொல்லியிருந்தார். குளிம் போலீஸ் நிலையத்தில் அப்பாவிடம் சொன்னதும் அதுதான். மாத்திரைகளைப் பினாங்குக்கு அனுப்பிப் பரிசோதிப்பார்கள். போதைப் பொருளாக இருந்தால் தூக்கு. அது இல்லாமல், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்தாக இருந்தால் ஜெயில், பட்டமும் போகும். கிராணி ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாமாவை வெளியே எடுத்தார். மாமா வந்து வீட்டு மூலையில் உட்கார்ந்தார். சிமெண்ட் டின்கள் பக்கம் அவர் போகவே இல்லை.

லயமே அழுதது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. போத்தலுக்குள் போட்டது யார் என்று எனக்குத் தெரியுமே! சொன்னால் அம்மாவுக்குக் கயிறு. சொல்லாவிட்டால் மாமாவுக்குக் கயிறு. சோற்றில் கை வைத்தால் அந்தப் படம் கண்முன் வந்தது. அம்மா பிசைந்து ஊட்டவந்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கைதானே போட்டது என்று தோன்றும். அம்மாவிடம் எனக்கு வந்த பயத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மூன்று வாரம் தாங்கினேன். ஒரு நாள் குழாயடியில் அம்மா எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"நீதானம்மா போட்ட?"

வாளி கை நழுவிக் கீழே விழுந்தது. அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நனைந்த என்னை அப்படியே இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"அது கெட்டது இல்லடி. புள்ள மேல சத்தியமா கெட்டது இல்ல."

"அப்பறம் ஏன் போலீசுல சொல்லல?"

அம்மா விழுந்த வாளியை எடுத்து நிமிர்த்தினாள். "பழச எல்லாத்தையும் எடுத்தேனான்னு தெரியலடி. ஒண்ணு ரெண்டு அடியில கெடந்தா? நான் வாயத் தொறந்து, அது பொய்யாப் போச்சுன்னா?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கெட்டது இல்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள். அப்பா, மாமா, நிறைமாத வயிற்றோடு அம்மா, நான், நான்கு பேரும் பஸ் ஏறிக் குளிம் போனோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். அம்மா என் கையை விடவே இல்லை.

மலாய்க்கார இன்ஸ்பெக்டர் தாளை ஒருமுறை படித்தார். மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பவும் படித்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் இருந்த தமிழ்ப் போலீஸ்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"அண்ணே, எல்லாமே புள்ளத்தாச்சிங்க சாப்புடற சுண்ணாம்புச் சத்து மாத்திரண்ணே. வயித்துப் புள்ளைக்கு எலும்பு புடிக்கறதுக்குக் குடுப்பாங்களே, அது. ஆமா, உங்களுக்கு எத்தன மாசம்?"

நிலையம் முழுக்கச் சிரிப்பு. கேஸ் இல்லை, ஜெயில் இல்லை, பட்டமும் மாமாவுக்கே. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா பக்கத்தில் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். மாமா காதெல்லாம் சிவந்துபோய் வெளியே வந்தார். வாசல் தாண்டியதும்தான் வாயே திறந்தது.

"சயாம்காரன் ஏமாத்திட்டான்க்கா! சம்பளத்துல குடுத்த அத்தன டுவிட்டும் போச்சு!"

மாமா சயாம்காரனைத் திட்டிக்கொண்டே பஸ் நிலையம் வரை நடந்தார். அங்கே போனதும் சட்டென்று நின்றுவிட்டார். முகம் மாறிப்போயிருந்தது.

"அப்ப நான் தூக்குனதெல்லாம்... நானே தூக்குனதாக்கா?"

"பின்ன யாரு தூக்குனா? நீதான்டா தூக்குன" என்றாள் அம்மா. அப்படிச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று சிரித்துக்கொண்டே அழுதாள். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், பல மாதங்களுக்குப் பிறகு. இடப்பக்கம் சாய்ந்துதான் தூக்கினார். எனக்கோ அங்கேயே இறங்கி ஓட வேண்டும்போல அத்தனை சந்தோஷம். யாருக்கும் கயிறு இல்லை. அன்று ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார்கள். அம்மா ஊட்டினாள், நான் வாயை அகலமாகத் திறந்தேன்.

அடுத்த வாரமே தோட்டத்து ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். எட்டுக் கட்டை தூரத்துக்குக் கேட்கும்படி கத்தினான். பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் மாமாவிடம், "ஒனக்கு எப்பப்பா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அம்மா மட்டும் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. தம்பியின் கையைத் தடவினாள், காலைத் தடவினாள், முதுகைத் தடவினாள். "மிஸ்ஸி, எலும்பெல்லாம் நல்லா இருக்கா?" என்று நர்சிடம் கேட்டாள். நல்லா இருக்கு என்றார் நர்ஸ். சற்றுப் பொறுத்து அதையே கேட்டாள். நர்ஸ் தம்பியின் இரண்டு காலையும் நீட்டி மடக்கிக் காட்டினார். கிளம்பப் போனவரைக் கூப்பிட்டு, மூன்றாவது தடவையும் அதையே கேட்டாள்.

டிரசர் வாராவாரம் அவளுக்கென்று கொடுத்த மாத்திரையில் ஒன்றைக்கூட அம்மா அந்த மூன்று மாதமும் விழுங்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அதனால், இந்த அம்மாவுக்கு என்ன பைத்தியமா என்று, அந்த வார்டிலேயே சத்தமாகச் சிரித்தது நான்தான்.