பெரியம்மாவின் இருபது கிலோ

1997 ஜூலை 5, சனிக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்து சுபஹ் தொழுதேன். பாணும் பருப்பும் சாப்பிட்டேன். ஏழரைக்கு வாப்பாவுடன் போய்க் கடை வாசலைக் கூட்டினேன். அப்போது எனக்குப் பத்து வயது. இவையெல்லாம் அந்த வருடத்துக் கொப்பியில் இருப்பவை. நினைவை நம்பி நான் எதையும் எழுதுவதில்லை.

எங்கள் கடை கலகெதரயில், குருநாகல் வீதியோரம் இருந்தது. சுற்றுக் கிராமத்தவர்கள் கொண்டுவரும் மிளகையும் கராம்பையும் வாப்பா நிறுத்து வாங்குவார். அவர் எடையை உரக்கச் சொல்லும்போது, கொண்டுவந்தவரின் பெயரோடு நானும் என் கொப்பியில் எழுதிக்கொள்வேன். கடைக்கென்று வேறு புத்தகம் இருந்தது. என்னுடையதை ஒருவரும் கேட்டதில்லை. அதற்காக நான் ஒரு நாளும் எழுதாமல் விட்டதில்லை.

மறுநாள் பெரியம்மா உலகம் சுற்றப் புறப்பட இருந்தார். பெரியம்மா என்றால் உம்மாவின் தாத்தா. எங்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்போம். கண்டிக்கு அப்பால் தனியாகப் போயிராதவர். அவருடைய மூன்று பிள்ளைகளும் மெல்பேர்ண், டொரொன்டோ, லண்டன் என்று மூன்று திசையில் குடியேறியிருந்தார்கள். மூவர் வீட்டிலும் தங்கி, திரும்பும் வழியில் மக்காவில் உம்ராவையும் முடித்துக்கொண்டு வருவதாகத் திட்டம். பாடசாலையிலிருந்த உலக உருண்டையில் அந்த வழியை விரலால் தடவிப் பார்த்தேன். விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. எங்கள் ஊரிலேயே உலகத்தைச் சுற்றிவரப் போகும் முதல் ஆள் என் பெரியம்மாதான் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன். ஆசிரியருக்கு இரண்டு தடவை சொன்னேன்.

எங்களவர்கள் தூரப் பயணம் போகுமுன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள். பெரியம்மா போக வேண்டிய முப்பத்தொரு வீடுகளின் பட்டியல் என்னிடம் இருந்தது. அன்று காலை கடைசி நான்கு வீடுகளுக்கும் அவரோடு போனேன். மூன்று வீடுகளில் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான்காவது வீட்டு மாமியோ, "மாப்புச் செஞ்சிட்டன். ஆனா என்ட அம்மிய ஒடச்சது நீதான்னு ஒத்துக்கோ" என்றார். "ஒடஞ்ச அம்மியத்தானே எனக்கு இரவல் தந்தீங்க!" என்று பெரியம்மா தொடங்கினார். கால் மணி நேரத்துக்குப் பிறகு மறுபடியும் முதலிலிருந்து மாப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டுக்கு மட்டும் இரண்டு சரி போட்டேன்.

பிற்பகல் இரண்டரைக்குப் பெரியம்மா தன் பயணப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். இருபது கிலோவுக்கு மேல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தராசின் மேடையில் வைத்து வாப்பா நிறுத்தார். பதினேழு. நான் எழுதினேன். பெரியம்மா சந்தோஷமாகப் பையைத் திறந்து, மாசிக் கருவாடு ஒரு கிலோ, மிளகாய்த்தூள் ஒரு கிலோ, சீனி ஒரு கிலோ என்று கண்டியில் வாங்கிய ஒட்டுப் பிரிக்காத பக்கெட்டுகள் மூன்றைப் பெட்டிக்குள் திணித்தார். மறுபடி நிறுத்தபோது தராசு பத்தொன்பதே கால் காட்டியது.

"என்ன தம்பி, மூணு கிலோ போட்டன், ரெண்டே கால்தானே ஏறீக்கிது? ஒங்கட தராசு பொய் செல்லுது" என்று வாப்பாவிடம் சொன்னார்.

கடையில் மிளகு கொண்டுவந்த இருவர் நின்றிருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எங்கட தராசு பொய் செல்லாது!" என்றேன். "நான் ஒவ்வொரு நாளும் தொடைக்கிற."

வாப்பா சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். மேடையின் ஓரத்தைத் தூக்கி, அடியிலிருந்து நான்காக மடித்த சாக்கு ஒன்றை வெளியே இழுத்தார். மறுபடி நிறுத்தார். பெட்டி இருபத்தைந்து கிலோ இருந்தது. மேடைக்கு அடியிலிருந்த சாக்கு, வைத்த பாரத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வாப்பாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இத இங்க வெச்சது யாரு?"

"நான்தான் வாப்பா. மொளகு உருண்டு அடிக்குப் போற. அதுக்குத்தான் மடிச்சு வெச்சன்." பாராட்டுக்குக் காத்து நின்றேன்.

பெரியம்மா வாய் திறந்தார். வாப்பா அவரைப் பார்த்து வேண்டாமென்று இலேசாகத் தலையசைத்தார்.

"எப்ப வெச்ச மகன்?"

கொப்பியைப் புரட்டினேன். "ஜூன் இருவத்தஞ்சு. புதன்கிழமை. கட கூட்டினத்துக்குப் பொறகு."

"அதுக்குப் பொறகு நிறுத்தவங்கட பேர் இதுல ஈக்கிதா?"

எல்லாம் இருந்தது. பத்தொன்பது பேர். முதன்முறையாக வாப்பா என் கொப்பியைக் கையில் வாங்கினார். நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார். அந்த இருவரிடமும் ஏதோ மெதுவாகச் சொல்லி, அவர்களுடைய மிளகைப் புதிதாக நிறுத்தார். பிறகு ஐந்து மணிக்கே கடையைப் பூட்டினார். சனிக்கிழமையில் அப்படிப் பூட்டியதில்லை. பெரியம்மா பெட்டியிலிருந்து ஐந்து கிலோவைக் குறைத்தார். உம்மா பின்னிய கம்பளிச் சட்டையை மட்டும் எடுக்க மறுத்து, சீனியை எங்களுக்கே தந்துவிட்டார்.

பெரியம்மாவுடன் வான் வண்டியில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும்போது உடுப்பதற்கென்று வாப்பா புதுச் சாரம் வாங்கி வைத்திருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது, "மதினி, நான் வரல்ல. குறை நெனைக்காதீங்க" என்றார். விமானத்தைக் கிட்ட நின்று பார்க்கும் வாய்ப்பு வாப்பாவுக்கு அதற்குப் பின்னரும் வரவில்லை. பெரியம்மா குறை நினைத்ததாகத் தெரியவில்லை. "நீங்க போற பயணம்தான் தம்பி பெரிசு" என்றார். இது எனக்கு விளங்கவில்லை. மூன்று பிள்ளைகளையும் மக்காவையும் ஒரே சுற்றில் பார்க்கப் போகிறவர் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுபஹ் முடிந்ததும், தேநீர்கூடக் குடிக்காமல், வாப்பா என்னையும் கொப்பியையும் கூட்டிக்கொண்டு பட்டியலில் முதலாவதாக இருந்த சிங்களப் பெரியவரின் வீட்டுக்கு ஏறிப் போனார். பெரியவர் முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். வாப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, "முதலாளியும் வெளிநாடு போறீங்களா?" என்று சிரித்தார். எங்களவர்களின் வழக்கம் அவருக்கும் தெரியும்.

"இல்லை. என் தராசில் பிழை இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. பிழை என்னுடையது" என்று வாப்பா சொல்லி, குறைந்த எடைக்கு உரிய பணத்தை அவர் கையில் வைத்தார்.

எந்தத் தேதி, எத்தனை கிலோ என்று பெரியவர் கேட்டார். வாப்பா என்னைப் பார்த்தார். நான் உரக்க வாசித்தேன். என் எழுத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்ததில் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் சிறு மனக்குறையும் இருந்தது. பத்தொன்பது வீடுகளிலும் வாப்பா தன்னைப் பற்றியே பேசினார். ஒரு வீட்டிலாவது என் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று எண்ணிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.