இத்தாலி வீட்டுப் பத்திரத்தோடு ஆம்பூருக்கு ஒரு பயணம்

வேர்க்கடலை நிலத்தை விற்றுப் பணம் அனுப்பினால் இத்தாலியில் ஒரு வீடு வாங்கிவிடலாம் என்றான் என் மகன் குமரேசன். அங்கே தோல் பதனிடும் ஆலையில் ஒன்பது வருடமாக வேலை. நிலம் என் பெயரில் இருக்கிறது. வீட்டின் விலையோ அந்த ஊர் விலையில் பாதிதான். பாதி விலைக்கு எவர் வீடு கொடுப்பார்? பத்திர நகலை அனுப்பச் சொன்னேன். இத்தாலி மொழியில் ஒன்று வந்தது. விற்கிற அம்மாவின் மகள் ஜெர்மனியில் இருப்பதால் அந்த மொழியில் இன்னொன்று. புரியாத காகிதத்துக்காக நிலத்தை விற்பதாக இல்லை. ஆவணியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன். இப்படிப் பத்திரத்தோடு அலைகிறவர்கள் நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள், அவர்களுக்காகத்தான் இது. நான் போனில் சொல்லச் சொல்ல எழுத்தாகிறது, பிழை திருத்துவது என் பேத்தி.

ஒடுகத்தூரில் காலை ஏழு மணிக்கு பஸ். மாதனூர் வழியாகப் போனால் சுருக்கம்தான். எனக்கு வேலூரில் கண் மருந்து வாங்க வேண்டியிருந்ததால் அங்கே போய் மாறினேன். வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம்.

வழியில் விரிஞ்சிபுரம் வந்தது. நான் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே என் தம்பி இருக்கிறான். பதினாறு வருடமாக அவன் வீட்டில் நான் தண்ணீர் குடித்ததில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

ஆம்பூரில் இத்தாலி, ஜெர்மன் காகிதங்களைத் தமிழில் படித்துச் சொல்லும் ஷபானாவின் இடம் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில். ஷூ கம்பெனியில் வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசிப் பேசி அந்த இரண்டு மொழியும் கற்றுக்கொண்ட பெண். இப்போது வீட்டுப் பத்திரங்கள்தான் அதிகம் வருகின்றனவாம்.

“மூணு ரூமுன்னு போட்டிருக்குது ஆயா. மூணு பெட்ரூமுன்னு நெனச்சிடாதீங்க. அவங்க ஹாலையும் சேர்த்து எண்ணுவாங்க, கிச்சனை எண்ண மாட்டாங்க.”

“கிச்சன் இருக்குதுல்ல?”

“இத்தாலில இருக்குது. ஜெர்மனில வாடகை வீட்டைக் காலி பண்றவங்க சில பேரு கிச்சனையே கழட்டி எடுத்துட்டுப் போய்டுவாங்க.”

“பாத்திரம் கழுவற தொட்டியையுமா? அடப்பாவிங்களா!”

சிரித்தவள் அடுத்த பக்கத்தில் நின்றுவிட்டாள். இத்தாலிக் காகிதத்தில் ‘நூதா ப்ரொப்ரியெதா’ என்று ஒன்று இருந்ததாம். ஜெர்மன் காகிதம் அதையே வேறு பக்கத்திலிருந்து, விற்கிறவரின் உரிமையாகச் சொல்கிறதாம்.

“வீடு உங்க புள்ள பேருக்கு வந்துடும் ஆயா. ஆனா அந்தம்மா சாவற வரிக்கும் அங்கதான் இருப்பாங்க. நம்ம பத்திரத்துல ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்து’ன்னு எழுதுவாங்களே, அதான். அதனாலதான் வெல கம்மி.”

எனக்கு அந்த வார்த்தைகள் தெரியும். என் அம்மா தம்பிக்கு வீட்டை எழுதிக் கொடுத்தபோது அப்படித்தான் எழுதினார்கள். அம்மா படுக்கையில் விழித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி மனைவி டாக்டரிடம், “இன்னும் எத்தினி நாளு சார் ஓடும்?” என்று கேட்டாள். பச்சைப் புடவை கட்டியிருந்தாள். தம்பி பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை.

அங்கேயே குமரேசனுக்குப் போன் போட்டேன்.

“இன்னாடா, ஒருத்தி எப்போ சாவாள்னு பார்த்துக்கினு நிக்கிறதுக்கு நான் நெலத்த விக்கணுமா?”

“ம்மா, அவங்களே கேட்டாங்கம்மா. மருந்துச் செலவு, குளிருக்கு ஹீட்டர் செலவு ஜாஸ்தி. வீட்ட மொத்தமா வித்தா வயசானவங்க ஹோமுக்குப் போகணும். இப்படி வித்தா கையில காசும் வரும், அவங்க கட்டில்லயே தூங்கலாம்.”

“நீ பார்த்தியா அவங்கள?”

“காபி போட்டுக் குடுத்தாங்க. சர்க்கரையே போடல.”

அந்த அம்மாளும் என்னைப் போலத்தான், தன் வாசலை விட்டுப் போக மனசில்லாதவள். பிறகு ஷபானாவிடம் சொன்னேன்:

“பத்திரத்துல ஒரு வரி சேத்து எழுதும்மா. அந்தம்மா கூப்பிடாம என் புள்ள வாசப்படி ஏறக் கூடாது. அவங்க உடம்பு எப்படின்னு வேற யார் கிட்டயும் விசாரிக்கக் கூடாது.”

“அது தேவையே இல்ல ஆயா. சட்டத்துலயே அவங்களுக்கு உரிமை இருக்குது.”

“சட்டத்துக்கு என் புள்ளயத் தெரியாது. எனக்குத் தெரியும். எழுது.”

இரண்டு மொழியிலும் எழுதிப் போனிலேயே அனுப்பினாள். மறுமுனையில் குமரேசன், “மானத்த வாங்குறியேம்மா” என்று முனகினான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அறைக் கணக்கை நம்பாதீர்கள், வரைபடம் கேளுங்கள். விலை குறைவாக இருந்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எந்த மொழியில் கையெழுத்துப் போடுகிறீர்களோ அதைத்தான் முழுதாகப் படிக்கச் சொல்ல வேண்டும். ஆம்பூரில் மாலை ஐந்தரைக்குள் பஸ் ஏறிவிடுங்கள். கம்பெனி விட்டால் நிற்கக்கூட இடம் இருக்காது. நான் நின்றுகொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குமரேசன் கூப்பிட்டான். ஜெர்மனியில் இருக்கும் மகள் அந்த வரியைப் படித்துத் தன் அம்மாவுக்குச் சொன்னாளாம். அம்மா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாராம்.

“அதுக்குக் கீழ இன்னொரு வரி போடச் சொல்றாங்கம்மா. இதை எழுதச் சொன்னவங்க வந்தா மட்டும் கூப்பிடாமயே உள்ள வரலாமாம்.”

போடச் சொன்னேன். புதன்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போய் நிலத்தை விற்றுக் கையெழுத்துப் போட்டேன்.