ஆறுக்கு அடியில் ஓர் ஏழு

அந்த அட்டை உள்ளங்கை அளவுதான் இருக்கும். மேலே என் கையெழுத்தில் ஒரு வீடியோ கேமின் பெயர். அதற்குக் கீழே இடமும் வலமுமாக இரண்டு பத்திகள். அடியில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் நீல மையில் 5 என்று எழுதி ஒரே கோட்டால் அடித்திருக்கிறது, பக்கத்தில் 6. அந்த ஆறு உட்கார்ந்திருக்கும் இடத்தில் அட்டையின் தோல் சற்று உரிந்திருக்கிறது. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், அடியில் பென்சிலால் எழுதி அழித்த 7 தெரியும்.

முப்பத்தோர் ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். தவறு நேர்ந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவேன்; அழிப்பானைத் தொட்டதில்லை. மலேசியாவில் செனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தபோது படிந்த பழக்கம் அது. என் கையால் அழிக்கப்பட்டது என்று உலகில் ஏதாவது இருக்குமானால் அது இந்த அட்டையில்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு, கூலாயில் என் வீட்டு வாசலில் நின்ற பெண் அதை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணனோட பைபிளுக்குள்ள இருந்துச்சுக்கா,” என்றாள். “இந்த ஏழு யாரு போட்டது? யாரு அழிச்சது?”

அவளுடைய அண்ணன் எங்கள் இதழின் ஆசிரியர். போன ஆண்டு காலமாகிவிட்டார். ஜொகூர் பாருவில் ஒரு கடைவரிசையின் முதல் மாடியில், வீடியோ கேம்களுக்குத் தமிழிலும் மலாயிலும் விமர்சனம் எழுதும் இணைய இதழ் ஒன்றை நடத்தினார். கீழே கோப்பிக் கடை, மேலே அவரும் நானும். தொழிற்சாலை வேலை போய் வீட்டில் இருந்த நாளில், என் மகன் படித்துக்கொண்டிருந்த ஒரு விமர்சனத்தை எட்டிப் பார்த்தேன். அதில் பதினொரு பிழைகள் இருந்தன. வரிசை எண் போட்டு எழுதி அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். “அக்கா, நீங்க கேம் ஆடுவீங்களா?” “மாட்டேன் சார்.” “ரொம்ப நல்லது. நாளைக்கி வாங்க.” அவரைவிட எனக்கு மூன்று வயது அதிகம். கடைசிவரை அவர் எனக்குச் சார், நான் அவருக்கு அக்கா.

மிக நல்ல விளையாட்டுகளில் அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்ததில்லை. “பத்து வாங்குறத ஊரே தூக்கிட்டுப் போவும். ரெண்டு வாங்குறத யாரும் திரும்பிப் பாக்கப் போறதில்ல. நடுவுல நிக்குது பாருங்க, அஞ்சு, ஆறு... அதுக்குத்தான் நம்ம வேல,” என்பார். இசை நன்றாக இருக்கும், ஆனால் கதை இழுவையாக நகரும். சண்டை விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் வரைகலைக் கோளாறில் நிழல்கள் சுவருக்குள் புகுந்து வரும். இப்படிப்பட்ட ஒன்றை நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல்லில் முடிப்பது சோம்பேறித்தனம் என்பது அவர் கட்சி. யாருக்கு இது பிடிக்கும், எதற்காகப் பிடிக்கும், எந்த இடத்தில் அவர்கள் கையை விட்டுவிடும் என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்த அட்டை. இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை, எல்லாம் எழுதி முடித்த பிறகு அடியில் எண். அரை மதிப்பெண் கிடையாது. ஆறரை போடுகிறவன் முடிவெடுக்கப் பயந்தவன் என்பார்.

இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. அவற்றில்தான் அவருக்குப் பெருமை அதிகம். விளையாடத் தொடங்குமுன் இணையக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவோம். மற்றவர்கள் சொல்வது எதுவும் காதில் விழக் கூடாது. செய்தவர்கள் அனுப்பும் கடிதத்தை எண் போட்ட பிறகே படிப்போம். அவர்களுடைய பேச்சு நம் தீர்ப்பில் கலக்கக் கூடாது. மேசை ஓரத்தில் சுருண்டு கிடக்கும் அந்த நீலக் கம்பியை வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, அவர் தங்கை செய்த விளையாட்டு எங்கள் மேசைக்கு வந்தது. அவளும் இன்னும் எட்டுப் பேரும் மூன்று ஆண்டுகள் உழைத்து முடித்தது. அதில் நாம் ஒரு லோரி ஓட்டுநர். காஹாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றி, இருட்டுவதற்குள் எண்ணெய் ஆலையில் சேர்க்க வேண்டும். ஆசிரியர் அதை என் பக்கம் தள்ளினார்.

“இது என் தங்கச்சி கேமு. வெளிநாட்டுல இத வெளியிடுறவங்க, மொத நாள் வர்ற விமர்சனத்த எல்லாம் கூட்டிப் பாப்பாங்களாம். சராசரி ஏழு வந்தா அடுத்த கேமுக்கும் பணம் போடுவாங்க. வரலன்னா அவ கடைய மூட வேண்டியதுதான். தெரிஞ்சுக்கங்க. தெரிஞ்சுகிட்டு மறந்துடுங்க.”

“அது எப்படி சார் மறக்குறது?”

“எனக்கும் தெரியலக்கா. அதான் உங்ககிட்ட குடுக்குறேன்.”

அதன்பின் மூன்று நாள் அவர் என் திரைப் பக்கம் திரும்பவில்லை. தன் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் சிரித்தால் அவர் தோள் அசையும். பெருமூச்சு விட்டால் தட்டச்சு நிற்கும். அந்த அறையில் மூச்சு விடுவதுகூட ஒரு கருத்தாகிவிட்டது. வாயைக் கட்டிக்கொண்டு விளையாடினேன்.

இடப்பக்கத்தில் முதலில் எழுதியது மழை. அப்படி ஒரு மழையை நான் திரையில் பார்த்ததில்லை. கண்ணாடியில் விழுந்து, துடைப்பான் தள்ளி, ஓரத்தில் திரண்டு வழியும். செம்மண் சாலை நனைய நனைய நிறம் மாறும். பாரம் ஏற்றிய லோரி மேட்டில் பின்வாங்கும்போது என் கால் தானாகத் தரையில் பிரேக்கைத் தேடும். வலப்பக்கமும் நிரம்பியது. எல்லாப் பயணமும் ஒரே பயணம்தான். குலையின் எண்ணிக்கை மட்டும் கூடும். தோட்டத்து மனிதர்கள் எல்லாருக்கும் ஒரே முகம், பேர் கிடையாது. தொலைந்துபோன தம்பியைத் தேடும் கதை ஒன்று தொடங்கி, பாதியில் அதுவும் தொலைந்துபோகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, நான்காம் பயணத்தில் மரப்பாலத்தைக் கடந்ததும் ஆட்டம் சேமிக்கப்படுவதில்லை. இரண்டரை மணி நேர உழைப்பு போய், மறுபடி தோட்டத்து வாசலில் நிற்பேன். திங்கள் ஒரு முறை, செவ்வாய் ஒரு முறை, புதன் ஒரு முறை. வியாழன் காலை பதினொன்று இருபதுக்கு 5 என்று எழுதினேன். எல்லா இதழ்களும் விமர்சனம் வெளியிட வேண்டிய நேரம் அன்று பிற்பகல் மூன்று மணி.

எண் போட்டாயிற்று என்பதால் கடிதத்தைப் பிரித்தேன். ஒரே பக்கம். மூன்றாம் வரியை இரண்டு முறை படித்தேன். செவ்வாய்க்கிழமை காலை இணையம் வழியாக ஒரு திருத்தம் வரும், மரப்பாலத்துக் கோளாறு அதில் சரியாகிவிடும், தயவுசெய்து 1.0.2 பதிப்பை விளையாடுங்கள் என்று எழுதியிருந்தாள். நாட்குறிப்பைப் புரட்டினேன். பதிப்பு எண்ணைத் தினமும் குறித்து வைத்திருந்தேன். திங்கள் 1.0.0. செவ்வாய் 1.0.0. புதன் 1.0.0. கம்பி பிடுங்கிக் கிடந்ததால் திருத்தம் வந்து சேரவே இல்லை. காசு கொடுத்து வாங்குகிற எவரும் விளையாடப் போகாத ஒரு விளையாட்டை, சுத்தமாகத் தீர்ப்புச் சொல்கிறோம் என்ற பெருமையில், நாங்கள் மட்டும் மூன்று நாள் விளையாடியிருக்கிறோம்.

சுவரைப் பார்த்திருந்த முதுகிடம் சொன்னேன். அவர் திரும்பாமலே கேட்டார், “மணி என்ன?”

“பதினொன்னு முப்பத்தஞ்சு. நாளைக்கிப் போட்டா என்ன சார்?”

“நாளைக்கிப் போட்டா, தங்கச்சிக்காகத் தள்ளி வெச்சான்னு ஆயிடும். இப்பிடியே போட்டா, ஆடாத கேமுக்கு மார்க் போட்டான்னு ஆயிடும்.” நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “பாலம் வரைக்கும் எவ்ளோ நேரம்?”

“ரெண்டரை மணி நேரம்.”

எழுந்து வந்தார். நீலக் கம்பியை எடுத்துக் குனிந்து சுவரில் மாட்டினார். முதல் முறை சரியாக உட்காரவில்லை, மறுபடி அழுத்தினார். “நான் கீழ இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கீழே கோப்பிக் கடையில் அவர் தங்கை காலையிலிருந்தே காத்திருந்தாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குத் திருத்தம் இறங்கி முடிந்தது. நான் அதுவரை நிதானமாக ஓட்டியவள், அன்று விரட்டினேன். முதல் மேட்டிலேயே லோரி சரிந்து இருபது குலை சிதறியது. இறங்கிப் பொறுக்கினேன். உள்ளங்கை வேர்த்துக் கைப்பிடி வழுக்கியது. இரண்டு இருபத்தொன்றுக்குப் பாலம். கடந்தேன். திரையின் ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கி அணைந்தது. ஆட்டத்தை அணைத்து மறுபடி திறந்தேன். லோரி பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. மழை கொட்டியது. இடது துடைப்பான் பாதியில் சிக்கி ஒரு பட்டை அளவு கண்ணாடியைத் துடைக்காமல் விட்டது.

என் அப்பா பாலோவில் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டினார். அவருடைய லோரியிலும் இடது துடைப்பான் அப்படித்தான். பழைய நாளிதழைச் சுருட்டி, சன்னலுக்கு வெளியே கையை நீட்டித் துடைத்துக்கொண்டே ஓட்டுவார். நான் பக்கத்தில் தாள் சுருட்டிக் கொடுப்பேன். இந்தப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. கோளாறுக்காகப் போட்ட 5 இனி நிற்காது. அதை அடித்தேன். ஆசிரியர் மேசையிலிருந்து பென்சிலை எடுத்து 7 என்று எழுதினேன். மணி இரண்டு முப்பத்தெட்டு.

எழுதியதும் நிம்மதி வரவில்லை. வலப்பத்தியைப் படித்தேன். பாலம் ஒன்றுதான் சரியாகியிருந்தது. ஒரே பயணம், ஒரே முகம், தொலைந்துபோன கதை எல்லாம் அப்படியே இருந்தன. தோட்டம் தெரியாத ஒருவன் இதை வாங்கினால் மூன்றாம் பயணத்தில் மழையும் அலுத்துவிடும். வேறு யாராவது செய்த விளையாட்டு என்றால் இந்த இரண்டு பத்திக்கும் கீழே என்ன எழுதுவேன் என்று கேட்டுக்கொண்டேன். கீழே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாற்பத்தேழுக்கு அழிப்பானை எடுத்தேன்; 7 போன இடத்தில் பேனாவால் 6 எழுதினேன்.

ஆசிரியர் மேலே வந்தபோது ஆறு நிமிடம் மீதி இருந்தது. அட்டையை வாங்கிச் சன்னல் பக்கம் சாய்த்தார்.

“ஏழு இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்.”

“ஏன் போச்சு?”

“அது எங்கப்பாவுக்குப் போட்டது. கேமுக்கு இல்ல.”

என்னைப் பார்த்தார். ஏழாகவே விட்டிருக்கக் கூடாதா என்ற கேள்வி அவர் கண்ணில் தெரிந்தது. அதை அவர் கேட்கவில்லை. உட்கார்ந்து, கட்டுரையின் தலையில் இரண்டு வரி சேர்த்தார்: முதலில் பழைய பதிப்பை ஆடியது எங்கள் தவறு, திருத்திய பதிப்பை மரப்பாலம் வரை மட்டுமே ஆட முடிந்தது. மூன்று மணிக்கு ஏற்றினார். அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று வந்தவை நான்கே விமர்சனங்கள். மற்ற மூன்றும் எட்டு, ஏழு, ஆறு. எங்களுடையதையும் சேர்த்தால் சராசரி ஏழுக்குக் கால் குறைவு. நான் அந்த 7 என்ற எண்ணை விட்டுவைத்திருந்தால் சரியாக ஏழு. நாங்கள் அன்று வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் ஏழு. இந்தக் கணக்கை அன்று மாலையே நாட்குறிப்பில் போட்டுப் பார்த்தேன். ஆண்டு முடிவதற்குள் அந்த ஒன்பது பேரும் பிரிந்துவிட்டார்கள். தங்கை சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டாள். ஆசிரியர் நீலக் கம்பியை இனிப் பிடுங்க முடியாதபடி சுவரோடு சேர்த்து ஒட்டுநாடா போட்டு ஒட்டினார். பிறகு அதை யாரிடமும் காட்டியதில்லை. சில ஆண்டுகளில் இதழும் நின்றது. இன்று ஒரு விளையாட்டு வெளியான ஒரு மணி நேரத்துக்குள் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் எண் போட்டுவிடுகிறார்கள். செய்தவர்கள் மாதக்கணக்கில் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். யாரிடம் போய் அழித்தது யார் என்று கேட்பது?

என்னிடம் கேட்க ஒருத்தி வந்திருந்தாள். உள்ளே உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தேன். தொடவில்லை.

“அன்னைக்கி கீழ ரெண்டு பேரும் பேசவே இல்லக்கா. கடையில கோப்பி, தேத்தண்ணி கலக்குறவரு வந்து, ‘என்னா போஸ், ஆபீஸ் கீழ வந்துருச்சா’ன்னு கிண்டல் பண்ணாரு. அதுக்கும் சிரிக்கல. மூனு மணிக்கப்புறம் நான் மேல வரல, போன்ல கேட்டேன். ‘நீதான் கொறச்சியா? தங்கச்சிங்கிறதுனால ஒன்னு வெட்டிட்டியா?’ன்னு. ‘என் இதழ்ல வந்தா அது நான் போட்டதுதான்’னாரு. ரெண்டு வருசம் மூஞ்சியே பாக்கல நான். பெறகு பேசினோம், சாப்ட்டோம், எல்லாம் சரி. ஆனா அத மட்டும் கேக்கவே இல்ல. இப்ப இத பாத்தா அடியில ஏழு இருக்கு.”

எனக்கு அதுவரை இது தெரியாது. எட்டு ஆண்டுகள் என் ஆறு அவர் பேரில் இருந்திருக்கிறது. அலமாரியிலிருந்து அந்த ஆண்டின் நாட்குறிப்பை எடுத்து, பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். 2.38, பென்சிலில் 7 எழுதினேன். 2.47, நானே அழித்தேன். 2.54, ஆசிரியர் மேலே வந்தார்.

இரண்டு முறை படித்தாள். நேரத்தின் மேல் விரலை வைத்து மூன்றாம் முறை. “அலமாக், அட கடவுளே,” என்றாள் மெதுவாக. “அவரு வரும்போதே முடிஞ்சிருச்சு.”

“ஆமா. உங்கண்ணன் மாத்தச் சொல்லி ஒன்னும் கேக்கல. கூட்டவும் சொல்லல, கொறைக்கவும் சொல்லல.”

முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். கையை எடுத்ததும் கேட்டாள், “இப்ப ஆடுனா எத்தன போடுவீங்க?”

“ஆறு.”

“மனசாட்சியே இல்லக்கா உங்களுக்கு.” மூக்கை உறிஞ்சினாள். “நான் ஆறரை போடுவேன்.”

“அரை மார்க்கு உங்கண்ணன் விட மாட்டாரு.”

அப்போதுதான் சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. ஆறிப்போன கோப்பியைக் குடித்துவிட்டு அட்டையைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். “பின்னாடி எழுதிக் குடுங்க. பேனாவுல.”

எழுதினேன்: இதன் மறுபக்கத்தில் 7 என்று எழுதியதும் அதை அழித்ததும் நான். ஆசிரியர் அல்லர். கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் போட்டேன், முற்பகல் 11.08. மை காயும்வரை ஊதினாள். கைப்பையிலிருந்து அண்ணனின் பைபிளை எடுத்து, அட்டை இருந்த பக்கத்தைத் தேடி, நான் எழுதிய பக்கம் மேலே தெரியும்படி வைத்து மூடினாள்.