தேவாலயத்து மாடியில் நடவு ஆட்கள்

குடவாசலிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே மிஷன்காரர்கள் கட்டிய பழைய தேவாலயத்தை இடித்துவிட்டு கான்கிரீட்டில் புதிதாகக் கட்டலாம் என்று சபைக் குழு பேசியபோது, வேண்டாம் என்று எழுந்து சொன்னவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். சிவில் இன்ஜினியரிங் முடித்துத் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறேன்.

சுவர்கள் திடமாக இருந்தன. தேக்கு உத்தரங்களிலும் பழுதில்லை. மொட்டை மாடியில்தான் கோளாறு. பழைய சுண்ணாம்புத் தளத்தின் மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். அது வெடித்து, மழை நேராகப் பீடத்தின் மேல் சொட்டியது. சிமெண்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே தளம் போட்டால் போதும் என்றேன்.

சபைச் செயலாளர் சிரித்தார். “சரிம்மா, போடு. ஐப்பசி மழையில ஒரு சொட்டு ஒழுகினாலும் தை மாசம் இடிச்சிடுவோம். அப்புறம் நீ பேசக் கூடாது.”

“சரிங்க ஐயா” என்றேன். என் தாத்தாவின் அப்பா பண்ணையாள். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாத காலத்தில், அவர் நிமிர்ந்து உட்கார்ந்த முதல் கட்டடம் இது. அது என் பொறுப்பில் இடிந்து போகக் கூடாது.

எங்கள் ஊரில் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது வழக்கம். தேவாலயத்துக்கும் அப்படியே வாருங்கள் என்று அம்மா ஊர்க் கூட்டத்தில் கேட்டாள். அம்மா நடவு ஆட்களைச் சேர்த்து வயலுக்கு அழைத்துப் போகும் கொத்துத் தலைவி. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

“வாய்க்கால் தண்ணி எல்லார் வயலுக்கும் பாயுது. சர்ச்சுக்கு நாங்க எதுக்கு வரணும்?” என்றார் ஒருவர்.

“புயல் அன்னிக்கு உன் குடும்பம் எங்க படுத்திருந்துச்சு? சர்ச்சுக்குள்ளதானே? குறட்டை விட்டியே, ஊரே தூங்கல” என்றாள் அம்மா.

கூட்டம் சிரித்தது. மறுநாளே அவர் வீட்டிலிருந்து அவர் மனைவி வந்தார். சர்ச்சுக்கு வருகிற வீடு, மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீடு என்றில்லாமல் ஆள் வந்தது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லோரும் நடவுக்குப் போய்விடுவார்கள். அதற்குள் முடிக்கவேண்டும்.

ஆண்கள் சிமெண்டைப் பெயர்த்தார்கள். சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி சேர்த்துக் கொட்டினோம். பெண்கள் வரிசையாகக் குந்தி, கைப்பிடி வைத்த பலகையால் அதைத் தட்டித் தட்டி இறுக்கினார்கள். கடைசியாக, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பை மேலே மெழுகவேண்டும். அது காயும்வரை ஈ கூட உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

மெழுகும் நாளில் நான் கீழே சுண்ணாம்பு குழைக்கும் இடத்தில் நின்றேன். பெண்கள் மாடிப்படியில் ஏறினார்கள், ஏறிய இடத்திலேயே வரிசை கட்டினார்கள், மெழுகிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். நாற்று நட்டுப் பழகிய கால் அப்படித்தான் போகும். வயலில் நட்டு முடித்தால் முதுகுக்குப் பின்னால் வரப்பு இருக்கும், ஏறிவிடலாம். இங்கே முதுகுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர். படிக்கட்டு எதிர்க்கோடியில். நடுவே மாடி முழுக்க ஈரச் சுண்ணாம்பு.

“ஏ இன்ஜினீயரு, எங்கள இறக்கிவிட ஹெலிகாப்டர் சொல்லியிருக்கியா?” என்று மேலிருந்து அம்மா கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. செயலாளர் கீழேயிருந்து, “சுண்ணாம்பு மேலயே நடந்து வந்துருங்க. கால் தடந்தானே, பிறகு பூசிக்கலாம்” என்றார்.

கால் பதிந்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் உள்ளே இறங்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “நட்ட வயல்ல யாராவது நடப்பாங்களா ஐயா? நாங்க இங்கயே இருக்கோம், நீங்க ஏணிய பாருங்க” என்றாள்.

ஊரில் அத்தனை உயர ஏணி ஒன்றுதான், மாரியம்மன் கோயிலில் தேர் அலங்காரத்துக்கு வைத்திருப்பது. அதைக் கோயில் பூசாரியும் இன்னும் சிலரும் தோளில் சுமந்து வந்து சாத்தினார்கள். அதுவரை பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றார்கள். ஒருவர்கூடக் காலை முன்னால் வைக்கவில்லை.

“பாத்து இறங்குங்க, ஏணி தேருக்கு வேணும்” என்றார் பூசாரி.

“எங்களவிட ஏணிதான் பெருசு இவருக்கு” என்றபடி இறங்கினாள் அம்மா.

ஐப்பசியில், ஒரு ஞாயிறு ஆராதனையின் நடுவில் மழை பிடித்தது. பிரசங்கம் காதில் விழாத மழை. போதகரே நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். சபை முழுவதும் அண்ணாந்து பார்த்தது. பாட்டு நேரம் வந்தும் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. உத்தரங்களுக்கு நடுவே தளம் வெள்ளையாக, உலர்ந்து இருந்தது.

செயலாளர் எழுந்து பீடத்தருகே போய் தரையைக் கையால் தடவினார். கையைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். பிறகு அறிவிப்பு வாசிக்கிற இடத்துக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

“சர்ச்ச இடிக்கிறதா இல்ல. குழு சார்பா நான் சொல்லிடுறேன். மேல தளம் போட்டவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க.”

பெண்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் எழுந்தார்கள். மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றிருந்த மாரியம்மன் கோயில் தெருப் பெண்களை அம்மா கைகாட்டி உள்ளே கூப்பிட்டாள். நான் செயலாளரைப் பார்த்தேன். “நீயுந்தாம்மா” என்றார். எழுந்து அவர்களோடு நின்றேன்.