பச்சியப்பன் நாக்கு

மூட்டைக்குள் கையை விட்டு ஒரு சுளை புளியை எடுத்து, நாரை உருவி, நாக்கின் ஓரத்தில் வைத்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, புளிச்சென்று துப்பிவிட்டுத்தான் தரகர் பச்சியப்பன் வாய் திறப்பார். "வத்தல்மலச் சரக்கு. மழையில நனஞ்சது. அடியில பழசு கலந்திருக்கு." மூட்டையைக் கவிழ்த்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். யுத்தம் வந்து அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சர்க்கார் விலை கட்டிவிட்டது. பாப்பாரப்பட்டிச் சந்தையில் புளிக்கு மட்டும் அவர் நாக்குதான் சர்க்கார்.

ஊரே அடங்கும் அந்த நாக்குக்கு அவர் வயிறு மட்டும் அடங்காது. கிராணி, வருஷக்கணக்கான கழிச்சல். விலை பேசும்போதே முகம் மாறும், சொம்பைத் தூக்கிக்கொண்டு கம்பங்காட்டைப் பார்த்து ஓட்டம். யாராவது சிரித்தால் திரும்பி வந்து பதில் சொல்வார்: "சிரிங்கடா. அந்தக் காட்டுல மட்டும் கதிரு எப்பிடி முழ நீளம் வெளையுதுன்னு காட்டுக்காரனப் போய்க் கேளுங்க."

மல்லையன் வைத்தியர் லேகியம் கிண்டித் தந்து பத்தியம் சொல்வார்: வறுத்த சாமைக் கஞ்சி, மோர். புளி கண்ணிலேயே படக்கூடாது. பச்சியப்பன் அட்சரம் பிசகாமல் கேட்பார். வினையே அதுதான். ஒரு மாதத்தில் கழிச்சல் நிற்கும், நோயில் வெந்த நாக்கு ஆறும், ருசி திரும்பும். ருசி திரும்பிய நாக்கு வீட்டில் இருக்குமா? அது சந்தைக்குப் போகும். லேகியம் எறும்புக்குப் போகும். கழிச்சல் திரும்பி வரும்.

"சொகமானவன் எதுக்கு மருந்து திங்கணும்? பத்தியமும் முறியல. நான் எங்க முழுங்கறேன், துப்பிடறேன் இல்ல?"

துப்பிய பிறகு ஊறுகிற எச்சில் எங்கே போகிறது என்று கேட்டவள் மனைவி தங்கம்மாள் ஒருத்திதான். அவர் இளைக்க இளைக்க அரைஞாண் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுப் போட்டுச் சுருக்குகிறவளும் அவள்தான்.

இந்தத் தடவை வைத்தியர் அவளிடமே சொல்லிவிட்டார்: "எழுப்பி வுட்டுட்டேன் தாயி. இன்னொருக்கா வுழுந்தா என்கிட்ட மருந்து இல்ல."

அடுத்த சந்தையன்று தங்கம்மாள் லேகியச் சட்டியோடு புளி மூட்டைகளுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"ஏ புள்ள, யாவாரத்துல உனக்கு என்னா வேல?"

"உங்க நாக்குக்குக் காவலுங்க."

"நாக்குல வெக்காம வெல சொல்ல முடியுமா? நாளைக்கு எவன் என்னக் கூப்புடுவான்?"

"நீங்க இருந்தாத்தானுங்களே கூப்புடறதுக்கு."

மலையிலிருந்து மூட்டை கொண்டுவந்த நாகன் நெளிந்தான். "அண்ணா, மலையேறணும். வாயில வெச்சிச் சொல்லுங்க."

பச்சியப்பன் ஒரு சுளையை எடுத்தார். நார் உருவினார். உதடுவரை போன கை நின்றது. எச்சில் மட்டும் ஊறிக்கொண்டிருந்தது.

"வாயத் தொற" என்று அதைத் தங்கம்மாளின் நாக்கில் வைத்தார்.

அவளுக்கு ஒரு கண் மூடிக்கொண்டது, மூக்கு சுருங்கியது, தோள் இரண்டும் காதுக்கு ஏறின. சந்தையே சிரித்தது. பச்சியப்பன் சிரிக்கவில்லை. அந்த முகத்தையே சாவதானமாகப் பார்த்தார்.

"பழுக்கறதுக்கு முன்னாடியே உலுக்கிட்ட, நாகா" என்றார். நாகன் தலையைச் சொறிந்தான்.

அடுத்த மூட்டைக்காரன் கூப்பிட்டான். "இரு, வரேன்" என்ற பச்சியப்பனின் கை, லேகியச் சட்டியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தது.