துண்டைத் துவைத்தவர்

"சக ஊழியர்பால் அக்கறை இல்லாதவர், தம் வசதி ஒன்றையே கருதுபவர்." மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர், தமக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரைப் பற்றி ஆண்டறிக்கையில் இப்படி எழுதினார். எழுதியவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. கூட்டம் போட்டால் போதும், அறிக்கையில் இடம்பெற்ற அந்த மனிதர் எழுந்து தம் முழங்கால் வலியை விவரிப்பார். உட்கார்ந்து பார்க்கிற வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்பார். பதில் வந்த பிறகும் கேட்பார். கூடத்தில் அவருக்குத் தூறல் என்று பெயர். அவருடைய முணுமுணுப்பு அடித்துப் பெய்ததும் இல்லை, விட்டதும் இல்லை.

வலி மட்டும் நிஜம். வார்டுகளிலிருந்து மூட்டையாக வரும் விரிப்புகளைக் குனிந்து அள்ளி இயந்திரத்துக்குள் திணிக்க வேண்டும், பிறகு நனைந்ததை வெளியே இழுக்க வேண்டும். நனைந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே நோயாளி இன்னும் இருக்கிறாரோ என்று சந்தேகம் வரும். தரை எப்போதும் ஈரம். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: மடித்த துணிகளை வார்டு ஆட்களுக்கு எடுத்துக் கொடுக்கும் ஜன்னல். அங்கே ஒரு நாற்காலி இருந்தது.

ஜன்னல்காரர் ஓய்வு பெற்றார். மேற்பார்வையாளர் தூறலைக் கூப்பிட்டார்.

"திங்கள்கிழமையிலேர்ந்து நீங்க அங்க உக்காந்துக்கங்க. இனிமேலாவது கூட்டத்துல மத்தவங்க பேசட்டும்."

தூறலின் மனைவி பழைய திரைச்சீலையை வெட்டி, நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்தாள்.

பொறாமைப்பட உரிமையுள்ளவர் ஒருவர் உண்டு. பணிமூப்பில் தூறலுக்கு அடுத்த இடத்தில் இருந்த இஸ்திரிக்காரர். அரைக்கிழவராகியும் கசங்காத சட்டையிலேயே வருவதால் அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர். "நாற்காலி வந்தா முழங்கால் வலி போயிடும். வாய்க்கு என்னண்ணே வைத்தியம்?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை, காலைச் சற்று நீட்டிக்கொள்ளலாம் என்று தூறல் கூடத்தின் பின்பக்கம் போனார். அங்கே மாப்பிள்ளை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையின் மடிப்பு கலையவில்லை. அதற்குள்ளே நெஞ்சு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?"

"ஆவி ஒத்துக்கலண்ணே. மூச்சு பிடிக்குது. இஸ்திரி வேலையை விடுன்னு டாக்டர் சொல்றார்."

"சூப்பர்வைசர்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னா லாயக்கில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டு பொண்ணும் இன்னும் படிக்குது. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க."

"மூச்சு விடாம இருக்கறது நீதான்" என்றார் தூறல். ஆனால் போகாமல் பக்கத்திலேயே நின்றார். இருந்த ஒரே வாளியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தூறல் தவறியதில்லை. பக்தி உண்டு; அதோடு, அங்கே சாய்ந்துகொள்ள வசதியான பெஞ்சும் உண்டு. பிரசங்கம் தொடங்கினால் தூங்கிவிடுவார். அன்று கண் சொருகுகிற நேரத்தில் பாதிரியார் துண்டு என்றார். தொழில் சம்பந்தப்பட்ட வார்த்தை என்பதால் தூறல் விழித்துக்கொண்டார். பிடிபடப்போகிற இரவில் இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவித் துடைத்த கதை. பலமுறை கேட்டதுதான், பாதித் தூக்கத்தில்.

திரும்பி நடக்கையில் மனைவியிடம் கேட்டார்.

"அந்தத் துண்டை யார் துவைச்சிருப்பா?"

"இதுக்குத்தான் இன்னிக்கு முழிச்சிட்டிருந்தீங்களா?"

"அத்தனை பேர் கால் அழுக்கு. ஒருத்தரும் எடுத்திருக்க மாட்டாங்க. அவரேதான் அலசிப் போட்டிருக்கணும்."

"சரி, அலசினார்."

சிறிது தூரம் நொண்டிவிட்டு மறுபடி சொன்னார். "அவரும் அன்னிக்கு நடந்துதானே வந்திருப்பார்? அவர் காலை யாரும் கழுவல பாரு. விடிஞ்சா சாவு. அப்பவும் அடுத்தவன் காலைத்தான் பாத்திருக்கார்."

"உங்களுக்குக் கால் ரொம்ப வலிக்குதா?"

"வலிக்காம?" என்றார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை முணுமுணுக்கவில்லை. மனைவி பயந்துபோனாள்.

மனம் திரும்பியவர்களின் முகத்தில் ஒளி தெரியும் என்பார்கள். திங்கட்கிழமை காலை மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேற்பார்வையாளர் முன் நின்றவரின் முகத்தில் சரியாகத் தூங்காத களைப்புதான் தெரிந்தது.

"ஜன்னல் எனக்கு வேணாம் சார். வார்டு ஆளுங்களோட எனக்கு ஒத்துவராது, சண்டை வந்துடும். அடுத்தது மாப்பிள்ளைதானே, அவரைப் போடுங்க. சட்டையும் நல்லா இருக்கு."

"இத்தனை வருஷம் கேட்டு என் உயிரை வாங்கிட்டு, இப்ப வேணாமா?"

"ஆமா சார்."

உண்மைக் காரணத்தைச் சொன்னால் மாப்பிள்ளைக்கு நாற்காலியும் போகும், வேலையும் போகும். ஆகவே தம்மைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருந்ததையே தூறல் காரணமாகக் காட்டினார். மேற்பார்வையாளர் அதை உடனே நம்பினார். அந்த ஆண்டு அறிக்கையில், "பொறுப்பை ஏற்க மறுப்பவர்" என்றும் சேர்த்தார்.

மாப்பிள்ளை நன்றி சொல்லவில்லை. மத்தியானம் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "அண்ணே, முழங்கால் எப்படி?" என்றார்.

"உன்னைப் பாத்தா இன்னும் வலிக்குது."

சாயங்காலம் மனைவி வெறுங்கையைப் பார்த்தாள். "மெத்தை எங்க?"

"நாற்காலியில."

"நீங்க?"

"மெஷின்கிட்ட. மாப்பிள்ளை உக்காந்திருக்கான்."

"உங்களைக் கிண்டல் பண்றவரா? ஏங்க?"

"அங்க காத்து நல்லா வருது."

அவள் அடுப்பங்கரைக்குப் போனாள். வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். "அவருக்கு உசரம் பத்துமா? உங்க அளவுக்குத் தெச்சது" என்றாள்.

அடுத்த கூட்டத்திலும் தூறல் எழுந்து முழங்காலைப் பற்றிப் பேசினார். வேண்டாம் என்றவருக்கு என்ன பேச்சு என்று சிலர் சிரித்தார்கள். புது ஜன்னல்காரர் சிரிக்கவில்லை.

கேட்டுக் கேட்டுக் கிடைத்த நாற்காலியை அவர் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். ஓய்வு பெறும்வரை நின்றுகொண்டே துவைத்தார்.