குஞ்சுகளை வெளியே விட்ட ஆடி மாதம்

குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டில் கதவு போட்டுச் சாத்தக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஆனி மாதக் கடைசியில், அதைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

என் கணவருக்குத் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். கூட வேலை பார்த்த ஒருவர் கோழி வளர்ப்பதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் மடியிலும் காலடியிலும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, கீழே கடலைத்தோல் பரப்பி, நடுவில் ஒரு கூடையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு அதற்குள் குண்டு பல்பு மாட்டினார். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அதற்குமேல் எல்லாம் என் பாடு.

தண்ணீர் வைத்தால் அடுத்த நிமிஷமே அதில் மிதித்து அழுக்காக்கும். கரண்டு போனால் கரிச்சட்டியில் நெருப்புப் போட்டு வைக்க வேண்டும். பகலில் கடலைக் காட்டில் களை வெட்டப் போவேன். நடுவில் ஓடிவந்து பார்ப்பேன். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், தகரத்தோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு. கூடையை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே எனக்கு நாள் கழிந்தது.

வீட்டில் எங்களைத் தவிர இருந்தது மாமா, என் கணவரின் அப்பா. மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமா பல வருஷம் திண்டுக்கல் தோல் ஷாப்பில், தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். இளைப்பு வந்து வேலையை விட்டுவிட்டு வந்து, முன்பக்கத்துக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் எட்டாது. குஞ்சுகளுக்குப் பொசுபொசுவென்ற மஞ்சள் ரோமம் உதிர்ந்து சிறகு முளைக்கத் தொடங்கியதும் தூசி மாவு மாதிரி அந்தச் சுவரைத் தாண்டி வந்தது. அவருடைய தலையணையைத் தட்டினால் புகையும்.

வெளியே வேலியோரம் கம்பிவலை அடித்த கூடு தயாராகத்தான் இருந்தது. ஆனால் ஆடி பிறந்துவிட்டது. மேற்கே இருந்து அடிக்கிற காற்றில் கொடியில் போட்ட சேலை நிற்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வந்ததும் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"இன்னும் எதுக்கு உள்ள வச்சுக்கிட்டு இருக்க? கோழி வளக்குறவென் சொன்ன நாளுதேன் தாண்டிருச்சுல்ல. கூடு சும்மா கெடக்கு."

மாமா கட்டிலில் இருந்தபடியே சொன்னார். "நாளுக்குத் தெரியுமாடா குளுரு? முதுகப் பாரு, இன்னும் தோலு செவப்பாத் தெரியுது. இந்தக் காத்துல விட்டா அம்புட்டுதேன்."

"நீங்க இருமுறதப் பாத்துத்தேன் சொல்றேன்."

"நான் என்னைக்கு இருமாம இருந்தேன்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோற்றை வடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

மாமா சொன்னது பொய்யில்லை. இறக்கையிலும் வாலிலும் சிறகு வந்துவிட்டது; முதுகும் கழுத்தும்தான் பல குஞ்சுகளுக்கு மூடவில்லை. பகலில் பல்பை அணைத்துப் பார்த்தேன். பாதி பரவிப் படுத்தன. பாதி, அணைந்த பல்புக்கடியிலேயே போய் நெருக்கிக்கொண்டு கத்தின. இன்னும் கொஞ்ச நாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நாளை நினைத்தாலே கை கால் அசந்து வந்தது.

இரண்டு நாள் கழித்து, பொழுது சாயக் களை வெட்டிவிட்டு வந்தேன். வீட்டில் இருமல் சத்தமே இல்லை. பரவாயில்லை, இன்றைக்குத் தூங்குகிறார் என்று நினைத்து உள்ளே போனால் கட்டிலைக் காணோம். தேடிப் போய்ப் பார்த்தபோது வைக்கோல் படப்புக்குப் பின்னால், தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வைக்கோல் துரும்பெல்லாம் அவர்மேல் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டிலை அவர் எப்படித்தான் தூக்கி வந்தாரோ.

"உள்ள வாங்க மாமா."

"இருக்கட்டும் ஆத்தா. இங்கின... காத்து நல்லா வருது." இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார்.

"முடியலேன்னா சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா... நீ அதுகளத் தூக்கி வெளிய போட்டுருவ."

எனக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர்மேலா, குஞ்சுகள்மேலா, ஊரில் இல்லாத மனுஷன்மேலா என்று பிரித்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. "நாளைக்கு அதுக வெளிய போகுதுக," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கூட்டின் மேற்குப் பக்கத்துக்குச் சாக்கு வைத்துத் தைத்தேன். மூலையில் கும்பல் சேர்ந்தால் அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும் என்பதால், தகரத்தை வளைத்து மூலைகளை மறைத்தேன். "இன்னும் செத்த நாளு பொறுக்கலாம் ஆத்தா," என்று மாமா ஒரே ஒரு தடவை சொன்னார். நான் வேலையை நிறுத்தாததைப் பார்த்துவிட்டு, கோணி ஊசியில் சணலைக் கோத்து நீட்டினார்.

கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போய் விட்டேன். முதலில் வாசலிலேயே நின்று கத்தின. வெயில் ஏறியதும் மண்ணைக் கிளற ஆரம்பித்தன. கிளறுவதைப் பார்த்ததும் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. அன்று ராத்திரி நான் கண் விழிக்கவே இல்லை.

விடிந்து போய்ப் பார்த்தேன். காற்றில் ஒரு சாக்கு பிய்ந்து, அதோடு சேர்ந்து தகரமும் சாய்ந்திருந்தது. அந்த மூலையில் குவியலாகக் கிடந்தன. மேலே இருந்தவை என்னைக் கண்டதும் எழுந்து ஓடின. அடியில் இருந்தவை எழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். எல்லாம் முதுகு மூடாத குஞ்சுகள்.

மாமா வந்து பார்த்தார். மண்வெட்டியை எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார். நான் வாங்கப் போனபோதும் கொடுக்கவில்லை. நின்று நின்று மூச்சு வாங்கித் தோண்டினார்.

"என்மேல கோவமா மாமா?"

"கோவம் என்ன கோவம். அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்தா... நீ ஒருத்தி என்ன செய்வ?"

சாக்கை இரட்டையாகத் தைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. அறையிலிருந்த கடலைத்தோலை அள்ளிக் குப்பையில் கொட்டி, சுவரைக் கழுவி, தரையைச் சாணி போட்டு மெழுகினேன். மாமாவின் கட்டிலை அந்த அறைக்குள் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த என் கணவர் கூட்டைப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் பொறுத்துருக்கலாம்ல?" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து மாமாதான் குரல் கொடுத்தார். "நாளு தாண்டிருச்சு, நாளு தாண்டிருச்சுன்னு குதிச்சது யாருடா? போயி சோத்துக்கு வெஞ்சனம் ஏதாச்சும் வாங்கியா. அவ எந்திரிக்க மாட்டா இன்னைக்கு."

மிச்சம் இருந்தவை நன்றாகவே வளர்ந்தன. மார்கழியில் முட்டை இட ஆரம்பித்தன. அடுத்த முறை குஞ்சு வாங்குவதற்கு முன் கூட்டை ஒட்டியே ஒரு மண்சுவர் அறை கட்டிவிட்டார் என் கணவர்.

மாமாவுக்கு இளைப்பு நிற்கவில்லை. குஞ்சுகளை மாற்றிவிட்டால் அவருக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கோ நம்பியிருந்தேன் போல. அப்படியெல்லாம் ஆகவில்லை. தூசி இல்லாத அறையில், பழைய இருமலோடு படுத்துக் கொஞ்சம் தூங்கினார். கூடத்துத் தரையில் நானும் தூங்கினேன்.